புயல் நிவாரணத்துக்கு வருமான வரி கட்ட வேண்டுமா?

"எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். நிலம் கணவர் பெயரில். அவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் சம்பா நெல் முழுவதும் போய்விட்டது. ஒரு கறவை மாடும் செத்துவிட்டது. அந்த வருடம் வேறு மகசூல் இல்லை. நிவாரணமாக நெல்லுக்கு 17,000 ரூபாயும் மாட்டுக்கு 37,500 ரூபாயும் அவர் வங்கிக் கணக்கில் ஏறியது. வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பவர், 'பேங்க்கில் ஏறியது எல்லாம் வருமானம்தான்' என்று இதையும் சேர்த்துவிட்டார். 24,000 ரூபாய்க்கு மேல் வரி கட்டினோம். கிடைத்த நிவாரணத்தில் பாதி வரிக்கே போய்விட்டது. இது சரியா? பி.எம். கிசான் பணமும் நின்றுவிடும் என்கிறார்களே?"

- வாசகி, விழுப்புரம் மாவட்டம்.

சரியில்லை, சகோதரி. அந்த 54,500 ரூபாய்க்கு ஒரு பைசாகூட வரி இல்லை. கட்டிய பணத்தைத் திரும்பப் பெற வழி இருந்தது. ஆனால், அதற்கான கெடு 2025 டிசம்பர் 31 ஆக இருந்தது.

முதலில் சட்டம். 2024-25 நிதியாண்டுக்குப் பொருந்தும் வருமான வரிச் சட்டம் 1961-ல் 10(10பிசி) என்று ஒரு பிரிவு உண்டு. பேரிடரால் ஏற்பட்ட இழப்புக்காக மத்திய அரசோ, மாநில அரசோ, உள்ளாட்சி அமைப்போ ஒரு தனிநபருக்கு அல்லது அவருடைய வாரிசுக்குக் கொடுக்கும் இழப்பீட்டுக்கு வரி கிடையாது என்கிறது அது. புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் அடங்கும். கொடுத்தது மாநில அரசு, வரி வாங்குவது மத்திய அரசு என்பதால் குழப்பம் வேண்டாம். விலக்கு மத்திய அரசின் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மாட்டுக்கு 37,500 என்று தமிழக அரசு அப்போது அறிவித்த தொகைதான் உங்களுக்கு வந்திருக்கிறது. பயிருக்கு வந்ததும் மாட்டுக்கு வந்ததும் இரண்டுமே இந்தப் பிரிவில் வரும்.

இனி, 24,000 ரூபாய் எப்படி வந்தது என்று பார்ப்போம். உங்கள் கணவர் புதிய வரி முறையில் இருப்பதாகவும், சம்பளத்தில் நிலையான கழிவு 75,000 ரூபாய் போக 6,80,000 ரூபாய் நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டுக்கு, புதிய முறையில் 7 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவருக்கு வரி முழுவதும் தள்ளுபடி. ஆக, அவர் கட்ட வேண்டியது பூஜ்ஜியம். நிவாரணம் 54,500 ரூபாயைச் சேர்த்ததும் வருமானம் 7,34,500 ஆகிவிட்டது. 7 லட்சத்தைத் தாண்டியதால் தள்ளுபடி போய்விட்டது. 3 லட்சத்துக்கு மேல் 7 லட்சம் வரை 5 சதவிகிதம் 20,000 ரூபாய். மீதி 34,500-க்கு 10 சதவிகிதம் 3,450 ரூபாய். இதன் மேல் 4 சதவிகித செஸ் 938 ரூபாய். மொத்தம் 24,388 ரூபாய். ஒரே ஒரு வரியைத் தவறான கட்டத்தில் எழுதியதற்கு விலை இது.

அந்தக் கெடுவுக்குள் செய்ய வேண்டியது:

1. வருமான வரித் துறை இணையதளத்தில் கணவரின் கணக்கில் நுழைந்து, 139(5) பிரிவின் கீழ் 'திருத்திய கணக்கு' தாக்கல் செய்யுங்கள். முதலில் தாக்கல் செய்ததன் ஒப்புகை எண்ணும் தேதியும் தேவை.

2. 'இதர வருமானம்' என்ற இடத்திலிருந்து 54,500 ரூபாயை எடுத்துவிட்டு, 'வரி விலக்கு பெற்ற வருமானம்' பகுதியில் 10(10பிசி) என்பதைத் தேர்வு செய்து காட்டுங்கள். மறைக்க வேண்டாம், இடம் மாற்றினால் போதும்.

3. தாக்கல் செய்த 30 நாள்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்த்துவிடுங்கள். இதை மறந்தால் தாக்கல் செய்ததே செல்லாது.

4. வங்கிக் கணக்குப் புத்தகப் பதிவு, அடங்கல் நகல், மாடு இறந்ததற்கான கால்நடை மருத்துவர் சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். கணக்குடன் இணைக்கத் தேவையில்லை. கேட்டால் காட்ட வேண்டும்.

பி.எம். கிசான் பற்றி. முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியவர் குடும்பத்துக்கு அந்த உதவி கிடையாது என்பது விதி. கணக்குத் தாக்கல் செய்வது வேறு, வரி கட்டுவது வேறு. திருத்திய கணக்கில் வரி பூஜ்ஜியம் என்று வந்ததும் அந்த ஒப்புகையை ஒரு நகல் எடுத்து வையுங்கள். தவணை நின்றால், வேளாண் விரிவாக்க மையத்தில் அதைக் காட்டி முறையிடலாம்.

ஓர் எச்சரிக்கை. இறந்த மாட்டை ஏற்கெனவே பால் பண்ணைத் தொழிலின் நட்டமாகக் கணக்கில் கழித்திருந்தால், கழித்த அளவுக்கு நிவாரணத்துக்கு விலக்கு கிடைக்காது. ஒரே இழப்புக்கு இரண்டு சலுகை இல்லை. வீட்டுக்கு ஒரு மாடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

"பயிர்க் காப்பீட்டுப் பணமும் இதே கணக்கில் வருமா?"

- வாசகர், கடலூர் மாவட்டம்.

வராது. காப்பீட்டுப் பணத்தைக் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம், அரசு அல்ல. ஆனால், அழிந்த பயிருக்கு ஈடாக வந்த பணம் என்பதால் அதை வேளாண் வருமானமாகக் காட்டலாம். 10(1) பிரிவின்படி வேளாண் வருமானத்துக்கு வரி இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வேளாண் வருமானம் ஆண்டுக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐ.டி.ஆர்-1 படிவம் கூடாது, சம்பளக்காரர் ஐ.டி.ஆர்-2 போட வேண்டும். சம்பளம் போன்ற மற்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டியிருந்தால், அந்த வருமானத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட வேளாண் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

"பால் விற்ற பணமும் விவசாய வருமானம்தானே?"

- வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

நமக்கு அப்படித்தான் தோன்றும். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. நிலத்திலிருந்து விளைந்தால்தான் வேளாண் வருமானம். பால், கோழி, ஆடு ஆகியவற்றில் வருவது தொழில் வருமானம். தீவனம், மருந்துச் செலவு போக மிஞ்சுவதை மற்ற வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்காகவே பால் கணக்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுச் செலவையும் அன்றன்றே எழுதி வையுங்கள்.