100 வெள்ளியைக் குறைக்கச் சொல்வது ஏன்?

வரவுசெலவுத் திட்டம் என்றதும் நம்மில் பலர் கேட்கும் முதல் கேள்வி, “இம்முறை சிடிசி பற்றுச்சீட்டு எவ்வளவு?” என்பதுதான். தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது அது கைகொடுக்கிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால், பிப்ரவரியில் நிதியமைச்சர் உரையாற்றி முடித்ததும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அதன்பிறகு ஒவ்வோர் அமைச்சின் செலவையும் நாடாளுமன்றம் தனித்தனியே விவாதிக்கிறது. நம் தொகுதி உறுப்பினருக்கு எது முக்கியம் என்பது அங்குதான் தெரியவரும்.

அந்த விவாதத்தில் விநோதமான வழக்கம் ஒன்று உண்டு. பள்ளிகளில் மனநல ஆலோசகர்கள் கூடுதலாக வேண்டும் என்று கேட்க விரும்பும் உறுப்பினர், கல்வி அமைச்சின் ஒதுக்கீட்டில் 100 வெள்ளியைக் குறைக்கும்படி முன்மொழிவார்! செலவைக் கூட்டும் திட்டத்தை அரசாங்கம்தான் முன்வைக்க முடியும் என்கிறது அரசியலமைப்புச் சட்டம். எனவே, குறைக்கச் சொல்வதே பேசுவதற்கான வழி. அமைச்சர் பதிலளித்த பிறகு, உறுப்பினர் அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்.

ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, நியமன உறுப்பினர் என எல்லாருக்கும் இதே வழிதான். பேசக் கிடைப்பதோ சில நிமிடங்கள். முதியோர் பராமரிப்பா, பேருந்துச் சேவையா, தாய்மொழிக் கல்வியா? ஒன்றைப் பேசினால் மற்றொன்றுக்கு நேரம் குறையும்.

“யார் என்ன பேசினாலும் பெரும்பான்மையுடன் திட்டம் நிறைவேறத்தானே போகிறது?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். திட்டம் நிறைவேறும், உண்மைதான். ஆனால், கேள்வி பதிவாகிவிடும். அமைச்சர் எல்லாரும் அறியப் பதில் சொல்லியாக வேண்டும். திருமணமாகாத தாய்மாருக்கும் 16 வாரச் சம்பள மகப்பேறு விடுப்பு உண்டு என்று அரசாங்கம் அறிவித்தது, 2016ஆம் ஆண்டு நடந்த இதே விவாதத்தில்தான். 2017 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அன்றைய நீ சூன் குழுத்தொகுதி உறுப்பினர் லூயிஸ் இங் உட்படப் பலர் அதற்காகக் குரல் கொடுத்திருந்தனர்.

அப்படியானால், அந்தச் சில நிமிடங்களில் எதைப் பேசுவது என்பதில் நமக்கும் பங்கு வேண்டாமா? மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் சென்றதுண்டா என்று என் வகுப்புத் தோழர்களிடம் கேட்டேன். ஒருவரும் சென்றதில்லை. 21 வயதாகும்வரை வாக்களிக்க முடியாது என்பதால் ஒதுங்கி நிற்கிறோம். எனக்கும் இன்னும் 20தான். ஆனால், உறுப்பினரைச் சந்திக்கவோ அவருக்கு எழுதவோ வாக்குரிமை தேவையில்லை. நாம் சொல்லாததை அவர் ஊகித்துப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

அடுத்த பிப்ரவரிக்குமுன் உங்கள் உறுப்பினருக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். வேலைப் பயிற்சிக்குக் கிடைக்கும் சொற்பப் படித்தொகையாகவோ தேர்வு நேர மன உளைச்சலாகவோ இருக்கலாம். ஒன்றை மட்டும், தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு, விவாதம் நடக்கும் நாள்களில் அவர் எந்த அமைச்சின் 100 வெள்ளியைக் குறைக்கச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.