மலிவுக் கருவியும் மறையாத குரலும்



1984ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் கையில் எடுத்துச் செல்லத்தக்க முதல் குறுந்தகட்டுக் கருவியை வெளியிட்டபோது, அது வசதி படைத்தோருக்கே எட்டிற்று. பின்னாளில் மலிவுக் கருவிகள் வந்தன. அவற்றுள் ஒன்று என்னிடமும் உண்டு. சில கருவிகள் பாட்டைச் சில வினாடிகள் முன்னதாகவே படித்துச் சேமித்துக்கொள்வதால் குலுக்கலைத் தாங்கும். என்னுடையதற்கு அப்பேறு இல்லை. பேருந்தில் ஏறினால் அதுவும் துள்ளும்! ஆகவே மேசைமீது வைத்தே கேட்கிறேன்.

அண்மையில் ஒரு தாய், மறைந்த தம் தந்தையின் குரல் பதித்த தகட்டைக் கொணர்ந்து, "பாழாகிவிட்டது, சுவாமி" என்று கலங்கினார். என் ஏழைக் கருவியில் அது தெளிவாகப் பேசிற்று. அவர் வீட்டுக் கருவியின் வில்லையில் தூசி படிந்திருந்ததே குறை.

மகிழ்ச்சியில் அவர் தகட்டை வட்டமாகத் துடைக்கலானார், தடுத்தேன். ஒலி சுருள்வட்டமாகப் பதிந்திருப்பதால், அதே போக்கில் விழும் கீறல் மிகுந்த கேடு செய்யும். நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைப்பதே முறை. பெயரெழுதும் பக்கமோ இன்னும் மென்மையானது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் அங்கேதான், மெல்லிய பூச்சின்கீழ் உள்ளது. அவரோ தந்தையின் பெயரைக் கூர்முனைப் பேனாவால் அங்கேயே எழுதியிருந்தார். அன்று மாலையே வேறொரு படி எடுத்து வைக்கச் சொல்லி அனுப்பினேன்.