ஆன்டிவைரஸ் "பாசிட்டிவ்" சொன்னா அது வெறும் ஸ்க்ரீனிங் ரிசல்ட்தான், நோய்னு முடிவாகிடாது

கொஞ்சம் நீளமான திரெட். டாக்டருக்கு கம்ப்யூட்டர் வைரஸ்ல என்ன வேலைன்னு கேக்கறவங்க முதல் கதையை மட்டுமாவது படிச்சுட்டுப் போங்க.

2010 ஏப்ரல் 21, புதன்கிழமை. மெக்காஃபி நிறுவனம் வழக்கம்போல அன்றைய வைரஸ் பட்டியலை வாடிக்கையாளர்களுக்கு அனுப்புது. பட்டியல் எண் 5958. அதுல இருந்த ஒரு விதி, விண்டோஸ் எக்ஸ்பியோட சொந்தக் கோப்பான "எஸ்விசிஹோஸ்ட்"டைப் பார்த்து, இது "வெகோர்ல்" வைரஸ்னு சொல்லிடுச்சு. எஸ்விசிஹோஸ்ட் இல்லாம விண்டோஸ் ஓடாது. ஆன்டிவைரஸ் அதைத் தூக்கினதும் கம்ப்யூட்டர்கள் நெட்வொர்க்கை இழந்து, அணைஞ்சு எழுந்து, திரும்ப அணைஞ்சுன்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு.

அன்னைக்கு அமெரிக்காவோட ரோட் ஐலண்ட் மாநிலத்துல மூணுல ஒரு பங்கு மருத்துவமனைகள் அவசரமில்லாத ஆபரேஷன்களைத் தள்ளி வச்சாங்க. விபத்துக் காயம் இல்லாத நோயாளிகளை எமர்ஜென்சியில பார்க்கறதையும் நிறுத்தினாங்கன்னு செய்தி வந்துச்சு. ஒரு வைரஸும் வரல. வைரஸ் வந்துடுச்சுன்னு காவல்காரன் நினைச்சதுக்கே இவ்வளவு.

மெக்காஃபி சில மணி நேரத்துல பட்டியலை வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா விழுந்த கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கிடையாது, அதனால மருந்தை நெட் வழியா அனுப்ப முடியாது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒருத்தர் பென் டிரைவோட நடந்து போகணும்.

இது ஏதோ ஒரு தடவை நடந்த விபத்து இல்ல. 2007-ல சைமன்டெக், சீன மொழி விண்டோஸோட கோப்புகளை ட்ரோஜன்னு சொல்லிச்சு. 2008-ல ஏவிஜி விண்டோஸோட இன்னொரு உயிர்நாடிக் கோப்பைப் பிடிச்சுச்சு. 2012-ல சோஃபோஸ் தன்னோட சொந்த அப்டேட்டரையே வைரஸ்னு சொல்லிச்சு (தன் வாலைத் தானே கடிச்ச நாய்!). 2017-ல வெப்ரூட், 2022-ல மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர். பெரிய கம்பெனிங்க எல்லாரும் ஒரு ரவுண்டு வந்துட்டாங்க.

ஏன் இப்படி? எங்க பாஷையில சொல்றேன், சுலபமா புரியும்.

ருமாட்டிக் காய்ச்சல் கேள்விப்பட்டிருப்பீங்க. சின்னப் பசங்களுக்குத் தொண்டையில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வரும். உடம்பு அதை அடையாளம் கண்டு ஆன்டிபாடி தயாரிக்கும். அந்தக் கிருமியோட மேல்தோல்ல இருக்கற ஒரு புரதம், நம்ம இதயத்துல இருக்கற புரதத்தைக் கொஞ்சம் ஒத்திருக்கும். கிருமிக்காகத் தயாரான படை இதய வால்வை அடிச்சுடும். தொண்டைவலி போயிடும், வால்வு போனது போனதுதான்.

ஆன்டிவைரஸும் பாதி வேலையை இப்படித்தான் செய்யுது. கெட்ட கோப்புல இருக்கற ஒரு சின்னத் துண்டை அடையாளமா வச்சுக்கிட்டு, அதே துண்டு எங்க இருந்தாலும் பிடிக்கும். மீதிப் பாதி நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படறது. ஸ்பைவேர் விஷயத்துல இந்த ரெண்டாவது வழிதான் பெரிய தலைவலி.

உதாரணம் உங்க கையிலேயே இருக்கு. ஆண்ட்ராய்டு போன்ல செல்லினம் மாதிரி ஒரு தமிழ் கீபோர்டு போட்டிருக்கீங்களா? ஆன் பண்றப்போ, "நீங்க டைப் பண்றது எல்லாத்தையும், பாஸ்வேர்டு உட்பட, இது சேகரிக்க முடியும்"னு ஒரு எச்சரிக்கை வந்திருக்கும். பயந்துபோய் வேண்டாம்னு விட்டவங்களும் இருக்காங்க. அந்த எச்சரிக்கை பொய் இல்ல. நீங்க தட்டற ஒவ்வொரு எழுத்தையும் பார்க்காம எந்த கீபோர்டும் "க"வும் "இ"யும் சேர்த்து "கி" ஆக்க முடியாது. நீங்க தட்டறதைத் திருடற கீலாகரும் அதையேதான் பார்க்குது. செயல் ஒண்ணு, நோக்கம் வேற. ஸ்கேனருக்கு நோக்கம் தெரியாது. ஆட்டோஹாட்கீ மாதிரி கருவியில எழுதின சின்னச் சின்னப் பயனுள்ள புரோகிராம்கள் அடிக்கடி மாட்டறதும் இதனாலதான்.

இப்ப கணக்கு. ஒரு டெஸ்ட் 99 சதவீதம் சரியா சொல்லும்னு வச்சுக்குவோம். 10,000 பேருக்குப் பண்றோம், அதுல உண்மையான நோயாளிகள் 10 பேர். அந்த 10 பேரையும் பிடிச்சுடும். கூடவே நோய் இல்லாத 9,990 பேர்ல ஒரு சதவீதம், கிட்டத்தட்ட 100 பேரையும் பாசிட்டிவ்னு சொல்லும். மொத்தம் 110 பாசிட்டிவ்ல 100 தப்பு! டெஸ்ட் மட்டமானது இல்ல. நோய் அரிதா இருக்கற கூட்டத்துல எந்த நல்ல டெஸ்டும் இந்தக் கதிக்குத்தான் ஆளாகும்.

ஒரு சாதாரண கம்ப்யூட்டர்ல லட்சக்கணக்குல கோப்புகள் இருக்கும். அதுல கெட்டது இருந்தா ஒண்ணு ரெண்டு. மிச்சத்தை நீங்களே போட்டுப் பாருங்க.

மனுஷங்க விஷயத்துல ஒரு சின்ன ஆறுதல் உண்டு. தப்பான பாசிட்டிவ் அங்கொண்ணு இங்கொண்ணா வரும். கம்ப்யூட்டர் அப்படி இல்ல. எங்க லால்குடி பக்கம் விவசாயிகளைக் கேட்டா சொல்வாங்க, ஊர் முழுக்க ஒரே ரகம் நட்டா பூச்சி வர்றப்போ ஊர் முழுக்கப் போகும்னு. உலகம் முழுக்க ஒரே விண்டோஸ், ஒரே பட்டியல், ஒரே நிமிஷத்துல. தப்பும் ஒரே நிமிஷத்துல.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? நம்ம ஊர் ஏர்போர்ட்கள்ல கையால போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தாங்களே. க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட், இந்திய நேரம் காலை 9:39. கோப்பைத் தப்பா வைரஸ்னு சொன்ன கேஸ் இல்ல அது. அப்டேட்டே ஓட்டையா இருந்து விண்டோஸைக் கவிழ்த்துச்சு. ஆனா பாதை அதேதான்: பாதுகாப்பு மென்பொருள், எல்லாருக்கும் ஒரே நேரத்துல, படிப்படியா அனுப்பாம. 78 நிமிஷத்துல வாபஸ் வாங்கியும் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்தாச்சு. அந்த கம்பெனியோட தலைவர் ஜார்ஜ் கர்ட்ஸ், 2010-ல அந்த 5958 பட்டியல் போனப்போ மெக்காஃபியில தொழில்நுட்பத் தலைவர். அவர்மேல பழி போடறதுக்காகச் சொல்லல. பதினாலு வருஷத்துல இந்தத் துறை எவ்வளவு கத்துக்கிச்சுன்னு பாருங்கன்னு சொல்றேன்.

என் ஆதங்கம் இதுதான். தப்பான பாசிட்டிவ் வரும், தவிர்க்க முடியாது. பாசிட்டிவ் வந்த பிறகு என்ன செய்யறோம்ங்கறதுதான் கேள்வி.

நம்பிக்கை மையத்துல எச்ஐவி டெஸ்ட் பண்றப்போ முதல் கிட் ரியாக்டிவ்னு காட்டினா, உடனே அந்த மனுஷன்கிட்ட "உனக்கு எச்ஐவி"ன்னு சொல்ல மாட்டோம். வேற முறையில வேலை செய்யற ரெண்டாவது கிட், மூணாவது கிட். மூணும் ஒத்துப்போனாதான் சொல்வோம். ஒருத்தரோட வாழ்க்கை அதுல இருக்கு.

ஆன்டிவைரஸ் என்ன பண்ணுது? தானே டெஸ்ட் பண்ணி, தானே முடிவு பண்ணி, அதே நொடியில தானே ஆபரேஷனும் பண்ணிடுது. எந்த ஆஸ்பத்திரியிலயாவது இதை அனுமதிப்போமா?

"ரான்சம்வேர் நிமிஷத்துல பரவும் டாக்டர், உக்காந்து யோசிக்க நேரம் இல்ல"ன்னு ஐடி நண்பர்கள் சொல்வாங்க. சரிதான். அதனாலதான் "தனிமைப்படுத்து, அழிக்காதே"ங்கறேன். சந்தேகக் கேஸைத் தனி வார்டுல வைக்கறதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. மறுநாள் ரிசல்ட் நெகட்டிவ்னா வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா வார்டுக்கு ஒரு டாக்டர் வேணுமே?

அங்கதான் எங்களை மாதிரி தாலுகா அளவு ஆஸ்பத்திரிகள்ல இடிக்குது. ஒரு சம்பவம் சொல்றேன். எந்த ஊரு, எந்த கம்பெனிங்கறது வேண்டாம். டெங்கு சீசன். லேப்ல ரத்த அணு எண்ணற மெஷினோட இணைஞ்ச கம்ப்யூட்டர். அதோட ரிப்போர்ட் மென்பொருளை ஆன்டிவைரஸ் ஸ்பைவேர்னு சொல்லி காலையில தூக்கிடுச்சு. மெஷின் ஓடுது, ரிப்போர்ட் வரல. மெஷின் மெமரியில நம்பர் மட்டும்தான் இருக்கும், எந்த நம்பர் எந்த நோயாளிங்கறது அந்த கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். டெக்னீஷியன் அக்கா துண்டுச் சீட்டுல எழுதி எழுதிக் கொடுத்தாங்க. மதியத்துக்கு மேல ஒரு சீட்டுல ப்ளேட்லெட் 1,20,000-ஆ 12,000-ஆன்னு தெரியல. முதலாவதுன்னா குழந்தையை வார்டுல வச்சுப் பார்த்துக்கலாம், ரெண்டாவதுன்னா உடனே திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஏழு வயசுக் குழந்தை. திரும்ப ஊசி போட்டு ரத்தம் எடுத்தோம். நல்லவேளை, 1,20,000.

அடுத்த நாள் சர்வீஸ் பண்றவர் வந்தார். பத்தே நிமிஷம். "ஆன்டிவைரஸை மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன் டாக்டர், இனிமே தொல்லை இருக்காது." அந்த கம்ப்யூட்டர் அதுக்கப்புறம் மாசக்கணக்கா காவல் இல்லாமத்தான் ஓடுச்சு.

தப்பான அலாரத்தோட உண்மையான சேதம் எனக்கு இதுதான். அடுத்து வர்ற நிஜத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைக்கறது. நிஜத் திருடன் வந்தா என்ன ஆகும்னு டெல்லி எய்ம்ஸ்ல பார்த்தோம். 2022 நவம்பர் 23-ல அஞ்சு சர்வர்களை ரான்சம்வேர் பூட்டிடுச்சு. ஓபி சீட்டு, பில், லேப் எல்லாமே சுமார் ரெண்டு வாரம் கையால. நாட்டோட முதன்மை ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி.

"தப்பான அலாரம்"ங்கற சொல்லே இன்னொரு பக்கம் வசதியான சாக்காவும் ஆகும். 2023 அக்டோபர் கடைசியில எதிர்க்கட்சி எம்பிக்கள் சிலருக்கு ஆப்பிள், உங்க போனை உளவு பார்க்க முயற்சி நடக்கலாம்னு எச்சரிக்கை அனுப்பிச்சு. அப்புறம் அதே ஆப்பிள், சில எச்சரிக்கைகள் தவறாவும் இருக்கலாம்னு விளக்கம் கொடுத்துச்சு. ரெண்டுமே நேர்மையான வாக்கியம்தான். ஆனா ரெண்டாவதை மட்டும் பிடிச்சுக்கிட்டு விசாரிக்காம விடறது, பாசிட்டிவ் வந்த நோயாளியை "கிட் சரியில்ல போல"ன்னு வீட்டுக்கு அனுப்பற மாதிரி. அரசு ஊழியர், இதோட நிறுத்திக்கறேன்.

என்ன செய்யலாம்? மெஷின் விக்கற கம்பெனி, எந்தக் கோப்புறையை ஆன்டிவைரஸ் தொடக்கூடாதுன்னு எழுதிக் கொடுக்கணும், வாங்கற நாம அதைச் செஞ்சுமிருக்கணும். 2016-ல அமெரிக்காவுல ஒருத்தருக்கு இதயக் குழாய்ச் சோதனை நடந்துக்கிட்டிருந்தப்போ ஆன்டிவைரஸ் ஸ்கேன் ஓடி மானிட்டர் கம்ப்யூட்டர் நின்னுடுச்சு. மயக்கத்துல இருந்த நோயாளியை வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் காத்திருந்தாங்க. அந்த மென்பொருள் கம்பெனி எழுதிக் கொடுத்த குறிப்பை யாரும் பின்பற்றலைங்கறது பிறகு தெரிஞ்சுச்சு. அப்புறம், அப்டேட் முதல்ல ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு வரட்டும், மறுநாள் மத்ததுக்கு. கடைசியா, மாவட்டத்துக்கு ஒரு ஆள், ஒரு போன் நம்பர். கோப்பை விடுவிக்கற அதிகாரம் அவர்கிட்ட இருக்கணும், ராத்திரியும் எடுக்கணும். ரத்த வங்கிக்கு இருக்கே, இதுக்கு ஏன் இருக்கக்கூடாது?

வீட்டுல இருக்கறவங்களுக்கு: அலாரம் வந்தா "டெலீட்" அழுத்தாதீங்க, "க்வாரன்டைன்"ல விடுங்க. அந்தக் கோப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிங்க. தயாரிச்சவங்களோட சொந்த தளத்துல இருந்து இறக்கினதா, இல்ல வாட்ஸ்அப்ல "ஆர்டிஓ சலான்", "கல்யாணப் பத்திரிகை"ன்னு வந்த ஏபிகே-வா? ரெண்டாவதுன்னா அது தப்பான பாசிட்டிவ் இல்ல, நிஜ நோய். இன்ஸ்டால் பண்ணாதீங்க. பண்ணிப் பணம் போயிருந்தா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க.

முதல் வகைன்னா வந்த பேரைப் பாருங்க. "ஜெனரிக்", "ஹியூரிஸ்டிக்"னு இருந்தா, நாங்க கேஸ் ஷீட்டுல நோய்ப் பேருக்கு முன்னாடி கேள்விக்குறி போடுவோமே, அது. வைரஸ்டோட்டல்னு ஒரு தளம் இருக்கு, கிட்டத்தட்ட 70 ஆன்டிவைரஸ்கிட்ட ஒரே நேரத்துல கருத்து கேக்கலாம். ஒண்ணு ரெண்டு மட்டும் சந்தேகப்பட்டா பொறுங்க, ரெண்டு மூணு நாள் கழிச்சுத் திரும்பப் பாருங்க (புத்தம்புது வைரஸையும் முதல்ல ஒண்ணு ரெண்டுதான் பிடிக்கும்). முப்பது நாப்பது சொன்னா பேச்சே இல்ல, அழிச்சிடுங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை, முக்கியமா எங்க துறை ஆட்களுக்கு. வைரஸ்டோட்டல்ல ஏத்தற கோப்பு அவங்களோட தொடர்புல இருக்கற பாதுகாப்பு நிறுவனங்களுக்கும் கிடைக்கும். நோயாளி பேர் இருக்கற ரிப்போர்ட், ஸ்கேன், எக்ஸல் ஷீட் எதையும் அங்க ஏத்தாதீங்க. மென்பொருள் கோப்பை மட்டும் பாருங்க, அதுவும் முடிஞ்சா கோப்பை ஏத்தாம அதோட ஹாஷ் எண்ணை மட்டும் போட்டுத் தேடுங்க.

அரசு ஆஸ்பத்திரி நண்பர்களே, உங்க இடத்துல ராத்திரி இப்படி ஒண்ணு ஆனா யாருக்குப் போன் பண்றீங்க? கமெண்ட்ல பதவியை மட்டும் எழுதுங்க, பேர் வேண்டாம்.