அவன் முன்னோடி, நம்மாள் கூலியா?

அமெரிக்காவில் ஐரிஷ் வம்சாவளிக்காரர்கள் தங்கள் பூர்வீகம் தேடுவதைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பல் ஏறினான். போன இடத்தில் காட்டை வெட்டிக் குடிசை போட்டான். அவனுக்குப் பெயர் 'பயனியர்', அதாவது முன்னோடி. (அந்த நிலம் யாரிடமிருந்து பிடுங்கியது என்பது தனிக் கதை.) அவனுடைய எள்ளுப்பேரன் இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து 1901, 1911 அயர்லாந்து கணக்கெடுப்பைக் காசு கொடுக்காமல் புரட்டுகிறான். வீட்டில் யார் யார், வயசு என்ன, எழுதப் படிக்கத் தெரியுமா, எல்லாம் இருக்கிறது. 1922ல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீயில் போன பிறகும் இவ்வளவு மிச்சம்!

நம்ம கதைக்கு வருவோம். காப்பித் தோட்டம் போட்ட காலத்திலிருந்தே மதுரை ஜில்லாவிலிருந்து சனம் கண்டிச்சீமைக்குப் போனது. (திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985ல்தான். அதனால் பழைய காகிதத்தில் தேடுபவர்கள் மதுரை என்றே தேடுங்கள்.) தாது வருஷப் பஞ்சம் இன்னும் பலரைத் துரத்தியது. ராமநாதபுரம் கரை வரை நடை, மன்னாருக்குத் தோணி, அங்கிருந்து மாத்தளைக்குக் காட்டு வழி. வழியிலேயே காலராவில் செத்தவர்கள் ஏராளம்.

அவனும் பசிக்கு ஓடினான், இவனும் பசிக்கு ஓடினான். அவனும் காடு வெட்டினான், இவனும் வெட்டினான். அவன் பயனியர், இவன் கூலி. 1867ல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த 19 ஏக்கரில் குழி வெட்டியவர்களின் பெயரை எந்தப் புத்தகத்தில் போய்த் தேடுவது?

தென்னாப்பிரிக்கா போனவர்கள் நிலைமை இதைவிடத் தேவலாம். 1860 நவம்பர் 16ல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போன 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு நம்பர். பெயர், தகப்பன் பெயர், வயசு, ஜாதி, ஊர் என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். அன்பினால் அல்ல, ஒப்பந்தக் கூலி தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே! ஆனாலும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் ஊர் தேடுகிறார்கள்.

இலங்கைக்குக் கங்காணி கூட்டிப் போனவனுக்கு இருந்தது 'துண்டு'. பி.காம். படிப்பவர்கள் கவனிக்க: இவன் இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டுபவர் ஆளை எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அந்தச் சீட்டு. நாம் உண்டியல், பிராமிசரி நோட்டு என்று படிக்கிறோமே, அது மாதிரி மனுசனைக் கைமாற்றியிருக்கிறார்கள். 1921ல்தான் அதை ஒழித்தார்கள். கடனுக்குக் கணக்கு உண்டு, வம்சத்துக்குக் கணக்கு கிடையாது.

இதன் விலை 1948ல் தெரிந்தது. தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கொடு, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்குக் கொடு என்றது இலங்கைக் குடியுரிமைச் சட்டம். லயத்துக் காம்பராவில் பிறந்தவனிடம் என்ன காகிதம் இருக்கும்? சுமார் 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, உனக்கு 5,25,000, எனக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்க்கலாம் என்று எங்க ஊர் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி பிரிப்பது மாதிரி பிரித்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு நாம் வைத்த பெயர் 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்!

இப்போது நம் யோக்கியதையைப் பார்ப்போம். ஒட்டன்சத்திரத்தில் மட்டுமில்லை, எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ஒரு கல்யாண பிளக்ஸைப் பாருங்கள், 'ஆண்ட பரம்பரை' என்றிருக்கும். எல்லோரும் ஆண்டிருந்தால் யாரய்யா வரி கட்டினார்கள்? பிளக்ஸ் அடித்தவரிடம் பூட்டன் பெயரைக் கேளுங்கள், முழிப்பார். நம் இனிஷியல் முறையில் தகப்பன் ஒரு எழுத்தாகச் சுருங்குகிறார், பாட்டன் காணாமலே போகிறார். ராஜாவுக்கு வாரிசு ஆக ஆசைப்படுகிறவர்கள், தோணி ஏறிய சொந்தச் சித்தப்பாட்டனைப் பற்றி வாய் திறப்பதில்லை. கேவலமாம்.

நிலப் பதிவேடுகளைப் புரட்டினாலும் இவர்கள் கிடைக்க மாட்டார்கள். நிலம் இருந்தவன் பெயர்தான் அங்கே வரும். போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதியார் நிறைய. அவர்கள் பெயர் அகப்படக்கூடிய ஒரு இடம், கிராம முன்சீப்புகள் எழுதிய பிறப்பு இறப்புப் பதிவேடுகள். 1980ல் எம்.ஜி.ஆர். ஆட்சி அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழித்தது, சரியான முடிவுதான். ஆனால் பதவி போனாலும் நோட்டுகள் அரசாங்கச் சொத்து அல்லவா? 2,600 வருஷத்துக் கீழடிக்கு 2023ல் அருங்காட்சியகம் திறந்த அரசாங்கம், நூறு வருஷத்துப் பழைய நோட்டுகளில் மிஞ்சியதையாவது ஸ்கேன் செய்து எல்லோரும் பார்க்கப் போடட்டும்.

அதுவரை உங்கள் வீட்டு அப்பத்தாவிடம் கேட்டு எழுதி வையுங்கள்: யார் போனார்கள், எந்தப் பஞ்சத்தில், கங்காணி எந்த ஊர். ஹட்டனிலோ டர்பனிலோ ஒருத்தர் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கலாம்.