ரப்பர் பூட்ஸும் கால் வியர்வையும்

வயலில் இறங்குவோருக்குக் கண்ணாடி விரியனும் எலிக் காய்ச்சலும் நீங்காத அபாயங்கள். இவ்விரண்டினின்றும் ரப்பர் பூட்ஸ் காலைப் பெரிதும் காக்கும். ஆயினும் அங்கத்தினர் பலர் அதனை அணியத் தயங்குவது காரணமின்றியன்று. வெளிநீரைத் தடுக்கும் ரப்பர் உள்வியர்வையையும் வெளிவிடாது. கால் ஊறிச் சேற்றுப்புண் காண்கிறது.

1969-ல் அமெரிக்கரான பாப் கோர் டெப்லானை இழுத்து விரித்துக் கண்ட நுண்துளைப் பொருள், நீரைத் தடுத்து ஆவியை வெளிவிடும். ஆனால் வெளியே வெப்பமும் ஈரமும் மிகுந்தால் ஆவி வெளியேறுவது குறையும். சேற்று நீருள் அதனால் பயன் சிறிதே, விலையோ அதிகம்.

ஆதலின் பருத்தியே நமக்குத் துணை. நம் நெசவாளர் நெய்யும் துணியைக் காலிற் சுற்றி, உச்சிப்பொழுதில் மாற்றி, இரவில் பூட்ஸைக் கவிழ்த்து உலர்த்தினால் தொல்லை குறையும். பூட்ஸுடன் இரு ஜோடி கால்துணியும் சேர்த்தே சங்கங்கள் வழங்க வேண்டுமென்பது நமது கோரிக்கை. உழவர் காலும் காக்கப்படும்; தறியும் ஓடும்.