வண்டியை விற்றாச்சு... ஆர்.சி-யில் பெயர் மாறியாச்சா?

“ஃபார்ம்ல நாலு இடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க சார், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்.”

பழைய பைக்கையோ காரையோ விற்கப்போகும் பலரும் கேட்கும் வாசகம் இது. பணம் கைக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். சில மாதங்கள் கழித்து, ஹெல்மெட் போடாமல் சென்றதற்கான இ-சலான் நம் செல்போனுக்கு வரும். ஆர்.சி-யில் இன்னும் நம் பெயர்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.

அபராதத்தையாவது கட்டிவிடலாம். அந்த வண்டி விபத்தில் சிக்கினால்?

உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

2009-ல் நடந்த ஒரு கார் விபத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அந்த கார் அதற்கு முன்பே பல கைகள் மாறியிருந்தது. ஆனால், ஆர்.சி-யில் இருந்தது முதலில் விற்றவரின் பெயர். “நான் விற்று ரொம்ப நாளாகிவிட்டது” என்றார் அவர். கடைசியாக வாங்கியவர்தான் பொறுப்பு என்றது பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ‘யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ, அவரே சட்டப்படி உரிமையாளர். இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு. யார் யாருக்கு விற்றார்கள் என்று பாதிக்கப்பட்ட குடும்பம் தேடி அலைய முடியாது’ என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

வண்டிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருந்தால் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுக்கும். வாங்கியவர் புதுப்பிக்காமல் விட்டிருந்தால், அந்தச் சுமை ஆர்.சி-யில் பெயர் உள்ளவர் தலையில் விழலாம். பத்து ரூபாய்த் தாளில் எழுதி வாங்கிய ‘டெலிவரி நோட்’ உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையே சாட்சியாக உதவும். ஆனால், அது பெயர் மாற்றம் ஆகாது.

விற்பவர் செய்ய வேண்டியவை

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் வண்டியை விற்றால் 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம் 29. பெயர் மாற்ற விண்ணப்பம், படிவம் 30. வாங்குபவருக்கு 30 நாள்கள் அவகாசம். வண்டி வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால், படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

* வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து.
* வாங்குபவரின் அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள்.
* பணத்தை வங்கி மூலமே வாங்குங்கள். பின்னாளில் அது ஒரு ஆதாரம்.
* காராக இருந்தால், உங்கள் ஃபாஸ்டேகை மூடிவிட்டு வண்டியைக் கொடுங்கள். இல்லையென்றால், அவர் போகும் டோல்கேட்டுக்கு உங்கள் கணக்கில் பணம் போகும்.
* இன்ஷூரன்ஸில் சேர்ந்திருக்கும் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ வண்டிக்கு உரியது இல்லை, உங்களுக்கு உரியது. நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் புது வண்டிக்குப் பயன்படுத்தலாம்.

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வாகனங்களை வாங்கி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ-விடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப்பட்ட டீலரிடம் வண்டியை ஒப்படைத்து, படிவம் 29சி மூலம் அதைத் தெரிவித்துவிட்டால், மறு விற்பனை வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். எனவே, “உங்களுக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா? 29சி பதிவுசெய்வீர்களா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டையும் கையோடு வாங்குங்கள்.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

வண்டியின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்பு ஆர்.சி-யைப் பாருங்கள். அதில் உள்ள சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டால், பதிவு எப்போது முடிகிறது, இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா போன்ற விவரங்கள் தெரியும். நிலுவையில் உள்ள சலான்களை இ-சலான் தளத்தில் பார்க்கலாம். திருட்டு வண்டியா என்ற சந்தேகம் இருந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் சோதிக்கலாம்.

* ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தால், “லோன் முடிஞ்சிடுச்சுங்க” என்ற வாய்வார்த்தை போதாது. நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வேண்டும்.
* விற்பவர் வேறு, ஆர்.சி-யில் உள்ளவர் வேறு என்றால், உரிமையாளரை நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.
* தனிப்பட்ட பயன்பாட்டு வாகனங்களின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்துவிடும். அந்தக் காலம் நெருங்கிய வண்டி என்றால், எஃப்.சி எடுத்துப் புதுப்பிக்கும் செலவையும் விலை பேசும்போது கணக்கில் சேருங்கள்.
* வாங்கிய 14 நாள்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். ஆனால், உங்கள் வண்டிக்கே சேதம் என்றால், பாலிசி பழைய உரிமையாளர் பெயரில் இருப்பதைக் காட்டி க்ளெய்மை மறுக்க வாய்ப்பு உண்டு.

அப்பாவின் வண்டி

உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசுகள் வண்டியை நேரடியாக விற்க முடியாது. இறந்த 30 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தகவல் தந்தால், மூன்று மாதங்கள் வரை அதே பெயரில் ஓட்டலாம். அதற்குள் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று போன்றவற்றோடு படிவம் 31-ல் விண்ணப்பித்து, வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பனை அதற்குப் பிறகுதான். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் நினைவிருக்காது. அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவர்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம்.

ஏற்கெனவே விற்றுவிட்ட வண்டி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறதோ என்று சந்தேகமா? இன்றே அதன் எண்ணைப் போட்டு, பதிவு விவரத்தைப் பாருங்கள். பெயர் மாறவில்லை என்றால், வாங்கியவரிடம் பேசுங்கள். அவர் பிடிகொடுக்கவில்லை என்றால், கையில் உள்ள ஆதாரங்களோடு ஆர்.டி.ஓ அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகத் தெரிவித்து, ஒப்புகை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அத்தோடு விடாமல், பெயர் மாறும்வரை மாதம் ஒருமுறை அந்தப் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.