நடுக்கத்திற்கு முன்னே வரும் துயரம்



1817-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். அவர் ஆராய்ந்தது ஆறே நோயாளிகளை; அவர்களுள் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. புலன்களுக்கும் அறிவுக்கும் இந்நோயால் பழுதில்லை என்று அவர் எழுதிவிட்டமையால், நோயாளியின் மனம் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

மூளையில் டோபமின் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் உடல் நடுங்குகிறது, விறைக்கிறது. மனநிலையைப் பேணும் செரட்டோனின் முதலியனவும் உடன் குன்றுகின்றன. ஆகவே மனச்சோர்வு நோய்க்கு அஞ்சுவதால் மட்டும் வருவதன்று. அது நோயின் ஒரு கூறு. சிலருக்குக் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே வந்துவிடுகிறது. (மனச்சோர்வுற்ற பெரும்பாலோருக்கு நடுக்குவாதம் வருவதில்லை, வீணே மருள வேண்டாம்.)

இல்லத்தார் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. இந்நோயில் முகத்தசைகள் இறுகி, முகம் உணர்ச்சியற்றுத் தோன்றும். உள்ளம் மகிழ்ந்திருப்பவரையும் துயருற்றவர் என்போம். உள்ளம் நொறுங்கியவரையோ, "வாப்பாவுக்கு வயதாகிவிட்டது" என்று விட்டுவிடுவோம். ஈமான் குறைந்துவிட்டது என ஏசுவோரும் உளர். அது பெரும் அநியாயம்.

முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள்: உறக்கம் வருகிறதா, பேரப்பிள்ளைகளைக் கண்டால் மனம் குளிர்கிறதா? நரம்பியல் மருத்துவரிடம் கைநடுக்கத்தோடு இதனையும் கூறுங்கள். மனச்சோர்வுக்கென்று மருந்துகளும் பேச்சுவழிச் சிகிச்சையும் உள்ளன. அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு மட்டும் மனம் தாழ்கிறதெனில், அந்நேரத்தைக் குறித்துச் செல்லுங்கள். மருந்து வேளையை மருத்துவர் மாற்றியமைப்பதாலேயே அது தணிவதுண்டு.